சும்மா கிடைத்த ஆல்பம்

பிள்ளைகளே, சில வருடங்களுக்கு முன் இங்கே வென்ட்வேர்த்வில் ரயில் ஸ்டேஷனில் ஒருவரைச் சந்தித்தேன். ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருந்தார். ஒட்டிய கன்னம். பேசும்போது போனை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று அதை நீட்டினார்.

பேர்போன பாட்டுக் குழு ஒன்று, அவருடையதைப் போல அதே கம்பெனிப் போன் வைத்திருப்பவர்களுக்குப் புது ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்தது. ஆனால், நாம் யாருடன் பேசுகிறோம் என்று பார்க்க அவர்களுக்கு அனுமதி தர வேண்டுமாம். வாசித்துச் சொன்னேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "நான் நேற்றே ஓமெண்டு அமத்திப்போட்டன். தம்பி ஊரிலை ஒளிச்சிருக்கிறான். அவன்ர நம்பர் இதுக்கைதான் கிடக்கு."

"பாட்டுக்காரருக்கு உம்மட தம்பி எதுக்கு ஐசே?" என்று சிரித்தேன்.

"அவைக்கு வேண்டாம் அண்ணை. அவை அவனைத் தேடுற ஆக்களுக்குக் குடுத்தால்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கேட்டபடி ஆல்பத்தை அழித்துக் கொடுத்தேன்.

"இப்ப அவையிட்டை இருந்தும் நம்பர் அழிஞ்சிருக்குமோ?"

"ஓமெண்டுதான் நினைக்கிறன்" என்றேன், நிச்சயமாகத் தெரியாமலே.

ரயில் வந்தது, நான் ஏறினேன். அன்று அவர் தம்பிக்குப் போன் எடுத்தாரோ, எடுக்கப் பயந்து இருந்துவிட்டாரோ, இன்றும் யோசிக்கிறேன்.