பாய் வீட்டுப் பாட்டக் பிலிப்பு

எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருக்கிறார் கௌஸ் மைதீன் பாய். இறால் வாடை போகவேண்டும். காலையெல்லாம் கோட்டைக்குப்பத்துப் பெண்களோடு எடைக்காகச் சண்டை போட்ட அதே கை, இப்போது ஒமேகா வாட்ச்சைத் தொடப் போகிறது. சோறு தின்னக்கூட மனிதர் இத்தனை சுத்தமாகக் கை கழுவி நான் பார்த்ததில்லை.

பழவேற்காட்டில் இறால் ஏஜெண்டுகள் நிறையப் பேர். பழைய சுவிஸ் கைக்கடிகாரங்களைச் சேர்க்கும் இறால் ஏஜெண்டு இவர் ஒருவர்தான். அந்த மட்டுக்கும் ஊர் பிழைத்தது. ரங்கூனிலிருந்து திரும்பியவர்கள், நொடித்துப்போன ஜமீன் வாரிசுகள், மூர் மார்க்கெட் தரகர்கள் என்று தேடித் தேடிப் பிடித்த சரக்கு. உப்புக் காற்று பட்டால் துருப்பிடிக்குமாம். அதனால் அத்தனையும் துணியில் சுற்றப்பட்டு அரிசி டின்னுக்குள் படுத்திருக்கின்றன.

"ஊர்ல சோத்துல கல்லு வரும். எங்க வூட்ல கடியாரம் வரும்" என்கிறார் மனைவி கைருன் பீவி. சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

இத்தனை வைத்திருப்பவரிடம் மணி மட்டும் கேட்டுவிடக்கூடாது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சிங்காரம் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். "இன்னா பாய், மணி இன்னா?"

பாய் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். "அசர் தொழுகைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கீது. மணி பாக்கறதுக்கா வாட்ச்சு? போய்யா!"

டின்னுக்குள் ராஜா யாரென்றால் 'பாட்டக் பிலிப்பு', சுவிஸ் வாட்ச்சுகளிலேயே உசத்தி. சொந்த மச்சான் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். காட்டூர்ப் பக்கம் இருந்த தென்னந்தோப்பைக் கொடுத்து வாங்கியது. டயல் டீக்கறை நிறம். வாங்கும்போதே அப்படித்தானாம், அதுதான் அழகாம். தோப்பு இருந்தால் தேங்காயாவது விழும் என்பது கைருன் பீவியின் கட்சி.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், அமீனா. பொன்னேரியில் மாப்பிள்ளை அமைந்தது. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் பாய். நிக்காஹ் அன்னிக்கு உங்க கையால மாப்ளைக்கு ஒரு வாட்ச்சு கட்டுங்க, போதும்" என்றார் மாப்பிள்ளையின் மாமா அப்துல் ஷுக்கூர், துபாய் ரிட்டர்ன். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நகை கேட்டிருந்தால் எப்பாடுபட்டாவது போட்டிருப்பார். இவர்கள் கேட்டது மனிதரின் ஈரல்குலையை! சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன்.

பாய்க்குச் சோறு இறங்கவில்லை. டின்னைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். கடைசியில் என்னிடம் வந்து, "ஒசந்ததத்தான் கட்டணும் வாத்தியாரே. மட்டமானதக் கட்டிட்டு, நாளைக்கு எம் பொண்ணு மூஞ்சில எப்டி முழிக்கிறது?" என்றார்.

நிக்காஹ் அன்று பாட்டக் பிலிப்பை மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினார். அட மனுஷா!

ஷுக்கூர் குனிந்து பார்த்தார். அவர் கையில், பட்டனை அமுக்கினால் பாட்டுப் பாடும் துபாய் வாட்ச்.

"இன்னா பாய் இது, ராஸ்கோப்பு? சாவி வேற குடுக்கணுமா? பழசக் கட்டி எங்கள ஏமாத்தப் பாக்கறீங்களா? புதுசு கட்டுங்க, அப்புறம் நிக்காஹ்."

ராஸ்கோப்பு என்றால் மட்டரகம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். பாட்டக் பிலிப்பைப் பார்த்து அந்த வார்த்தை! பாயின் முகம் செத்துப்போயிற்று. அவர் மைத்துனர் ஜலீல் சட்டென்று தன் கையிலிருந்த பளபளா சிங்கப்பூர் வாட்ச்சைக் கழற்றி நீட்டினார். பாய் பாட்டக் பிலிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதை வாங்கி மாப்பிள்ளைக்குக் கட்டினார். ஷுக்கூர் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆங், இது வாட்ச்சு!" என்று சர்டிபிகேட் கொடுத்தார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

சரக்கு பத்திரமாகத் திரும்பிவிட்டது, பாய் உள்ளுக்குள் குதிப்பார், நேராக அரிசி டின்னுக்குத்தான் ஓடுவார் என்று கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த சிங்காரத்திடம் சொன்னேன்.

பாய் கொல்லைப்பக்கம் வந்து நின்று அமீனாவைக் கூப்பிட்டார். "கைய நீட்டும்மா." மருதாணிக் கையில் பாட்டக் பிலிப்பைக் கட்டிப் பார்த்தார். கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று முழங்கைக்கு ஓடியது. கழற்றினார். சிங்காரத்திடம் வலை அறுக்கும் கத்தியைக் கேட்டு வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த அசல் சுவிஸ் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை குத்தினார்.