வாழையிலைக் கொடி

என் தங்கை மயிலம்மாளின் புருஷன் மருதை. திருவானைக்காவலில் ரயில்வே கேட் காத்தவர். அவர் வேலையில் இருந்தவரை அங்கே ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை. ரிடையர் ஆன மறுவருஷம், அறுபத்தோரு வயதில், நினைவு தப்ப ஆரம்பித்தது. சாப்பிட்டதை மறந்தார். என்னையே "நீங்க யாருங்க?" என்றார். பெண் கொடுத்த மச்சானிடம் கேட்கிற கேள்வியா அது!

அது போகட்டும். கதவுதான் பயம். தூரத்தில் விசில் கேட்டால் போதும், வெளியே வந்து கதவைச் சாத்தி நாதாங்கி போட்டுவிட்டுக் காவல் நிற்பார். வண்டி கடந்தால்தான் திறப்பார். அதுவரை மயிலம்மாள் உள்ளே. வீட்டுக்கு அந்த ஒரே கதவு.

"என்ன மயிலக்கா, வண்டி லேட்டா?" என்று பக்கத்து வீட்டு இருதயமேரி கேலி பேசுவாள்.

சாமியாடி ஒருத்தர் திருநீறு போட்டார். லைனில் அடிபட்டுச் செத்தவன் எவனோ பிடித்திருக்கிறானாம். அங்கேதான் எவனும் அடிபடவே இல்லையே!

ஐப்பசியில் ஒருநாள் மதியம் நான் போனேன். விசில் கேட்டு நேரமாகியும் வண்டி வரவில்லை, சிக்னலில் நின்றிருக்கும். கூரையிடுக்கில் புகை. உள்ளே அடுப்போரச் சுள்ளிக்கட்டு பற்றிக்கொண்டிருந்தது. வாசலில் மருதை மறித்து நின்றார்.

"தள்ளுங்க மாப்ளே!"

"வண்டி போகலை. நசுங்கிப்போவே" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். என்ன பலம்!

உள்ளே தங்கை இருமிக்கொண்டே கத்தினாள். "அண்ணே, மல்லுக்கட்டாதே! அவரு கையில பச்சையைக் கொடு!"

கொடிக்கு எங்கே போவேன்? வாசல் வாழையில் ஒரு இலையைக் கிழித்து நீட்டினேன். வாங்கினார். விறைப்பாக நின்று கையை நீட்டிப் பிடித்தார். இல்லாத வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகப் போனது. அவர் தலை மெதுவாகத் திரும்பியது. கடைசிப் பெட்டியும் போனபிறகு இலையைச் சுருட்டி, நாதாங்கியை எடுத்தார்.

"பார்த்துப் போங்கம்மா" என்றார் வெளியே ஓடிவந்த தங்கையிடம், யாரோ வழிப்போக்கரிடம் சொல்வதுபோல.

தீயை அணைத்ததும் நாதாங்கியைப் பேர்க்கச் சுத்தியல் எடுத்தேன்.

"வேணாம்ணே."

"செத்திருப்பே, கழுதை!"

"இந்தக் கதவு இருக்கறதாலதான் இங்க நிக்கறாரு. இது இல்லேன்னா நெஜ கேட்டுக்குப் போயிடுவாரு. தண்டவாளத்துல நிப்பாரு. அடுப்பை வாசல்ல வெச்சுக்கறேன், விடு."

ஸ்ரீரங்கம் பக்கமிருந்து விசில் கேட்டது. மருதை எழுந்தார். அவளும் எழுந்தாள். தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

நாதாங்கி விழுந்தது. சுத்தியல் என் கையிலேயே இருந்தது.