செம்மண் முடக்குக்கு நாலு டயர்

அந்தப் புரட்டாசி முழுவதும் என் கனவுகளில் டயர்கள் உருண்டன. வண்டியும் இல்லை, ஓட்டுபவரும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மூடுபனிக்குள், ஒன்றன்பின் ஒன்றாக அவை சத்தமில்லாமல் மேலே போய்க்கொண்டிருக்கும். ஈர மண்ணில் அவை பதித்துப்போகும் அச்சுகளை மிதிக்காமல் நான் ஓரமாகப் பின்னால் நடப்பேன். அவை எங்கே போகின்றன என்று கனவிலும் எனக்குத் தெரியும். கடுகண்ணாவைக்கு மேலே, தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் அம்மா தனியாக இருந்தாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினாலே கால் வீங்கும், மூச்சு முட்டும். தோட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் அண்ணனிடம் ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. அதில்தான் அம்மா கீழே இறங்கி வருவாள், மாலையில் அதிலேயே மேலே போவாள்.

மேற்பிரிவுக்குப் போகும் வழியில் தார் முடிந்த பிறகு செம்மண் பாதை. அதில் ஒரு கொண்டைவளைவு உண்டு. நாங்கள் அதைச் சிவப்பு முடக்கு என்போம். வெயிலில் அது ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். மழை விழுந்தால் வெண்ணெயாகிவிடும். புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு காலைமழைக்கு ஜீப் அந்த முடக்கைத் தாண்டவில்லை. டயர்கள் தேய்ந்து வழவழவென்று போயிருந்தன. கடைசியில் லயத்து ஆட்கள் நாலு பேர் அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஜீப் நின்ற இடம்வரை இறங்கினார்கள். இன்னொருவர் குடை பிடித்தார். வழியெல்லாம் வாசல்களில் சனம் நின்று பார்த்தது. அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை, சிகிச்சை முடிந்து திரும்பும்போது, பின் ஆசனத்தில் சாய்ந்தபடியே அவள் எங்கள் இருவருக்கும் சொன்னாள்.

"புது டயர் போடுங்க. ஐப்பசி மழையில வாசலுக்கு வண்டி வந்துச்சுன்னா நான் என் வீட்டுலயே இருந்துக்குவேன். வரலைன்னா, இவ கூப்புடுற எடத்துக்குப் போறேன். ஆனா இன்னொரு தரம் என்னயக் கதிரையில வச்சுத் தூக்கக் கூடாது."

'இவ' என்றது என்னை. கண்டிக்குப் போகும் வழியில், பிலிமத்தலாவையில், நான் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்தி. பல்கலைக்கழகம் போனவளும், சொந்தச் சம்பளத்தில் சொந்தச் சாவி வைத்திருப்பவளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அந்த வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறை தயாராக இருந்தது. யன்னலோரம் கட்டில், பக்கத்திலேயே குளியலறை, துணி வைக்க அலுமாரி. திரைச்சீலைக்கு வெளிர்பச்சை வாங்கியிருந்தேன். மாலையில் பாடசாலை விட்டு வரும்போது, அம்மா யன்னலில் உட்கார்ந்து பிரதான வீதியின் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றும். சில நாள் கதவைத் திறக்கும்போது, இஞ்சிபோட்ட பிளேன்டீயின் மணம்கூட உள்ளேயிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஆக, ஒரு டயர் அம்மா எங்கே வாழ்வாள் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. அந்த டயரைத் தெரிவுசெய்யும் வேலை என் கையில் வந்தது. அண்ணன் தெரிவுசெய்திருந்தால் அரைநாளில் முடிந்திருக்கும். அவனுக்குப் பிடித்தது ஒன்றுதான்: சேற்று டயர். எம்டி என்பார்கள். கைமுட்டி அளவு ரப்பர்க் கட்டிகள், நடுவில் ஆழமான பள்ளங்கள், வண்டிக்கு வெளியே பிதுங்கி நிற்கும் அகலம்.

"அதப் போட்டா வண்டி யானை மாதிரி நிக்கும்" என்றான்.

"அம்மாவுக்கு யானை வேணாம். வாசலுக்கு வந்தாப் போதும்."

"டீச்சரம்மா டயருக்கும் பாடம் எடுக்க வந்துட்டாங்க. சரி, நீயே சொல்லு. ஏறலைன்னா என்னயக் கேக்காத."

நான் புவியியல் கற்பிக்கிறவள். மண்ணைப் பார்க்காமல் டயரைப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது, சிவப்பு முடக்கில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மூடுபனி இடுப்பளவுக்கு நின்றது. கீழே எங்கேயோ ரயில் ஊதிக்கொண்டு மலையேறியது. சத்தம் மட்டும் வந்தது. குனிந்து மண்ணை எடுத்தேன். விரலுக்கிடையில் மாவு மாதிரி வழுக்கியது. பிசைந்து உருட்டினேன், திரியாக நீண்டது, ஒடியவில்லை. நல்ல களிமண். கையிலிருந்த சோற்றுப்பெட்டியைக் காலிசெய்து, அதில் நிரப்பி மூடி எடுத்துக்கொண்டேன்.

பிலிமத்தலாவை வீதியோரத்தில் இருந்த அந்த டயர் கடையின் முதலாளி மடவளைக்காரர், முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை 'நானா' என்பார்கள். கடைக்குள் பகலிலும் ஓர் அந்தி இருக்கும். தரையிலிருந்து கூரை வரைக்கும் கறுப்பு வளையங்கள். அவற்றின் நடுவே நின்றால் வீதியின் இரைச்சல் கேட்காது, ரப்பர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். புதிய ரப்பரின் மணத்தில் எனக்கு மெல்லத் தூக்கம் வருவதுபோல் இருந்தது. நான் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மகள் இது? சோத்துப் பெட்டிக்குள்ள மண் ஈக்கி."

"எங்க பாதை, நானா. இதுல ஏறுற டயர் வேணும்."

"முப்பது வருஷமா கடை வெச்சீக்கிறேன். டயர் வாங்க வந்தவங்க காசு கொண்டுவந்தீக்கிறாங்க, பழைய டயர் கொண்டுவந்தீக்கிறாங்க. ரோட்டையே கொண்டுவந்தது நீங்கதான்."

அண்ணன் வெட்கத்தில் வெளியே போய் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டான். ஆனால் முதலாளிக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. மூன்று டயர்களை உருட்டிவந்து சீமெந்துத் தரையில் போட்டார். ஒன்று சாலை டயர். ஒன்று அண்ணனின் எம்டி. மூன்றாவது ஏடி, எல்லாத் தரைக்கும் என்று செய்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாதி. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, களியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொன்றின் பள்ளங்களிலும் உள்ளங்கையால் அழுத்தித் திணித்தேன். பிறகு கடையில் வேலை செய்கிறவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் அடித்தார்.

சாலை டயரிலிருந்து ஒன்றுமே விழவில்லை. பூசி மெழுகிய பானை மாதிரி இருந்தது. எம்டியிலிருந்து மண் கட்டிகட்டியாகக் கழன்று விழுந்தது. ஏடியில் பாதி விழுந்தது, பாதி ஒட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு உள்ளே வந்த அண்ணன் சிரித்தான். "பாத்தியா? ஒன் மண்ணே சொல்லுது."

அது உண்மைதான். ஆனால் அம்மாவின் வழி அந்த முடக்கு மட்டுமல்ல. செம்மண் கொஞ்ச தூரம்தான். அதற்குக் கீழே பெரிய வீதி, மழையில் கண்ணாடி மாதிரி பளபளக்கிற தார். ஆஸ்பத்திரி நாள் ஒவ்வொன்றிலும் அம்மா அதில் போய்வர வேண்டும். அகன்ற பள்ளங்கள் உள்ள டயருக்கு மண்ணில் பிடி அதிகம், நனைந்த தாரில் குறைவு; தாரைத் தொடும் ரப்பர் கொஞ்சம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அம்மா துவைத்துப் பிழிந்த துணியாகக் கிடப்பாள். பாதி வழியில் வாய் திறந்தபடி தூங்கிவிடுவாள். கடுகண்ணாவை வளைவில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால்? நான் அந்தத் தூக்கத்தை நினைத்தேன். டயர் அதையும் சுமக்க வேண்டும்.

"சேத்துல நிக்கிறது ஒரு பயம். தார்ல வழுக்குறது வேற பயம்" என்றேன்.

அண்ணன் எம்டியை உருட்டிப்போய்ச் சுவரில் சாய்த்தான். மழையில் அந்த வீதியில் ஓட்டுகிறவன் அவன்தான்.

அப்போது என் கண் சாலை டயரின் மேல் விழுந்தது. விலையும் குறைவு, தாரிலும் நல்ல பிடி. நான் அதைக் காட்டினால் அண்ணன் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொள்வான். ஐப்பசியில் சிவப்பு முடக்கு ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அம்மா சொன்ன சொல் மாறமாட்டாள். பச்சைத் திரைச்சீலை அசையும் அந்த யன்னலில் அவள் வந்து உட்காருவாள். கடைக்குள் கறுப்பு வளையங்கள் மெல்லச் சுற்றுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அந்த யன்னல் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

"மகள்," என்றார் முதலாளி. "யோசிக்கிறீங்களா, உறங்குறீங்களா?"

அம்மா என்னிடம் கேட்டது ஏறுகிற டயரை. ஏறாத டயரைக் கேட்கவில்லை.

"ஏடியில வேற மாதிரி இருக்கா நானா? நடுவுல நெருக்கமா, ஓரத்துல மட்டும் பள்ளம் அகலமா?"

அவர் உள்ளே போய் ஒன்றை உருட்டிவந்தார். நடுவில் நெருக்கமான கட்டிகள். ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள், தார்த் தண்ணீரைக் குடித்து விலக்க. தோள் பக்கத்தில் மட்டும் கட்டிகள் விலகி, வெளியே வாய் திறந்திருந்தன. மீதியிருந்த களி முழுவதையும் அதில் திணித்தேன். அடித்தபோது ஓரத்து மண் உதிர்ந்தது. நடுவில் கொஞ்சம் தங்கியது.

"இது," என்றேன்.

"இதுலயாவது அகலமானதா எடுப்போம்" என்றான் அண்ணன்.

"வேணாம். அகலமா இருந்தா களி மேல மிதக்கும். ஒல்லியா இருந்தா வெட்டிக்கிட்டு அடியில இருக்கிற கெட்டியில போய் நிக்கும். பழைய அளவே போதும்."

பிறகு டயரின் பக்கச்சுவரில் குனிந்து, அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நாலு இலக்கங்களைத் தேடினேன். நெடுநாள் கடையில் கிடந்த டயர். ரப்பர் கிடக்கக் கிடக்க இறுகும். "இதே சாதியில புதுசு வேணும்" என்றேன்.

"பழசு எண்டு நான் சொல்ல முந்தி நீங்க வாசிச்சிட்டீங்க" என்றார் முதலாளி. அண்ணனைப் பார்த்து, "தங்கச்சியக் கலியாணம் முடிச்சுக் குடுக்கக்குள்ள மாப்பிள்ளையோட நாலு நம்பரையும் பார்க்கச் சொல்லுங்க" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த வேறு ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரக் கடைசியில் கொழும்பிலிருந்து புதிய நாலு டயர்கள் வந்தன.

ஐப்பசி மழை சொல்லிவைத்த மாதிரி இறங்கியது. ஆஸ்பத்திரி நாள் ஒன்றில், முந்தின இரவெல்லாம் பெய்து விடியலிலும் விடாதபோது, நான் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணனுடன் மேலே புறப்பட்டேன். தார் முடிந்த இடத்தில் இறங்கி, நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினோம். அப்போதுதான் டயர் நீளவாக்கில் படிந்து தரையைக் கவ்வும். தாருக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். காற்று உஸ்ஸென்று வெளியேற, டயர் மெல்ல அடி பருத்து உட்கார்ந்தது.

சிவப்பு முடக்கில் அண்ணன் வேகத்தை ஏற்றவுமில்லை, குறைக்கவுமில்லை. வண்டியின் பின்பக்கம் ஒரு முறை சறுக்கியது. பாதையின் விளிம்பு யன்னலுக்குக் கீழே வந்தது. பனிக்குள் செடிகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. அண்ணன் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தான். ஏதோ ஒன்று அடியில் கவ்வியது. டயரின் தோள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மண் கட்டிகள் பின்னால் தெறித்து மட்கார்டில் தட்தட்டென்று விழும் சத்தம். ஜீப் தூக்கத்தில் நடக்கிற ஆள் மாதிரி, அவசரமில்லாமல், அசைந்து அசைந்து மேலே போனது. பனி திறந்து வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டது. என் கனவுதான் அது. ஆனால் இப்போது நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் என்னைப் பார்க்காமல், "யானை இல்லாட்டியும் பரவால்ல" என்றான்.

அம்மா வாசலில் நின்றாள். சுத்தமான சேலை, தலையில் துவாய். காலடியில் இரண்டு பைகள் இருந்தன. சின்னது ஆஸ்பத்திரிப் பை. பெரியது கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதற்குள் அவளுடைய சேலைகள், சாமிப் படம், சின்னச் சட்டிகள் எல்லாம் பிதுங்கித் தெரிந்தன. மழையின் சத்தத்தில் கண்விழித்து, வண்டி வராது என்று முடிவு செய்து, விடிவதற்குள் கட்டிவிட்டாள். சொன்ன சொல்லுக்குத் தயாராக நின்றாள்.

ஜீப் வாசல் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் டயரைப் பார்த்தாள். செம்மண் அப்பிய சக்கரத்திலிருந்து ஒரு கட்டி தானாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. அதையும் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் இதற்கு முன்பு ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன், என் பட்டமளிப்பு நாளில்.

"வந்துருச்சே" என்றாள், மெதுவாக.

யாரும் தூக்காமல், கதவைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்தாள். சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பெரிய பையைத் தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு கணம் அதை ஜீப்புக்கும் வீட்டுக்கும் நடுவில், மழையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ளுக்கு வச்சிரும்மா, நனையப் போகுது" என்றாள் அம்மா.

உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். அடுப்பில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பூட்டெல்லாம் வேணாம்டி. சும்மா சாத்திட்டு வா. பொழுது சாயத் திரும்பி வந்துருவோம்ல."

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.