கொண்டை ஊசி வளைவில் கல்லூரிப் பெருமை

எங்கள் சின்னக் கலைக் கல்லூரி, சாதித்த முன்னாள் மாணவர்களின் படங்களைப் போட்டு வாசலில் பேனர் வைத்திருக்கிறது. அதில் நானும் உண்டு.

இன்று காரவள்ளியில் கொல்லிமலை பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் வளைவிலேயே அவர் முழுசாகத் திரும்பினார். "ஏனுங்க, பேனர்ல இருக்கறது நீங்கதானுங்களே? பக்கத்துப் போட்டோ நான்தானுங்க. வரலாறு படிச்சேன். விபத்தே இல்லாம ஓட்டுனதுக்கு விருது வாங்கியிருக்கறனுங்க."

"ரோட்டப் பாருங்க."

"ரோடு எங்கீங்க போயிரப் போவுது? நீங்க எந்த வருசம் முடிச்சீங்க?"

எதிரே லாரி வந்தது. பக்கத்தில் பள்ளம். படித்து முடித்த வருடமே எனக்கு மறந்துபோனது.

இறங்கியதும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தவறியிருந்தால், கல்லூரியில் அதே இரண்டு போட்டோவையும் வைத்துக்கொண்டு, தலைப்பை மட்டும் 'கண்ணீர் அஞ்சலி' என்று மாற்றியிருப்பார்கள்.