பெரட்டுக்கு வந்த மெக்கானிக்

ஃபேக்டரி ஓடாத நாளில் எங்கள் எஸ்டேட்டில் வாசனையே இருக்காது. ஓடுகிற நாளில் தேயிலை வறுபடும் மணம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குள் புகுந்து சோற்றில்கூட ஏறும். பச்சைத் தேயிலை விலை விழுந்த அந்த வருஷங்களில் வெறும் மிஸ்ட்தான் உள்ளே வந்தது... ஈரத்துணி மாதிரி.

பைக்காரா பக்கம் எங்கள் எஸ்டேட். அம்மா கொழுந்து பறிக்கிறவர். காலையில் பெரட்டுக்குப் போவார். பெரட்டு என்றால் வேலைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். பேர் கூப்பிடுவார்கள், இவர்களும் "இருக்கேங்க" என்பார்கள். அப்புறம் இன்றைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துக்கொண்டே அம்மா திரும்பி வருவார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் ஆறுதல். டிவியில் தமிழில் டப்பிங் செய்த ஒரு விண்வெளித் தொடர் வரும். பேர் சொல்ல மாட்டேன், கமெண்டில் சண்டை வேண்டாம்.

ஊர் திரும்ப வழி தெரியாமல் வானத்தில் அலையும் ஒரு கப்பல். அம்மாவுக்கு அது முதல் வாரமே புரிந்துவிட்டது. கேப்டன்தான் தொரை, எஸ்டேட் மேனேஜர். கையில் பலகையோடு சுற்றும் ஆபீசர் கணக்கப்பிள்ளை. வரிசையாகக் கதவு வைத்த அறைகள் லயம். இன்ஜின் ரூமில் எண்ணெய்க் கையோடு நிற்கும் பெண், "நம்ம மெக்கானிக் புள்ள". அவள் ஸ்பேனரைச் சுழற்றி விசிலடித்தால் அம்மா சிரிப்பார். அம்மா சிரிப்பதைப் பார்த்து அப்பா சிரிப்பார்.

அப்போது வீட்டில் ஒரே பேச்சு, திருப்பூர் போவதா வேண்டாமா என்பதுதான்.

"இங்க உக்காந்து மிஸ்ட்டையா குடிக்கிறது?" என்பார் அப்பா. ஃபேக்டரி வேலை போய், பனியன் கம்பெனியில் அவருக்கு இடம் தயாராக இருந்தது. ஆனால் அம்மாவும் வேலையை விட்டால் லயத்து வீடு போய்விடும். திருப்பூர் சரிப்படவில்லை என்றால் திரும்பி வர இடம் கிடையாது. அம்மா தினமும் பெரட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

கடைசி எபிசோடு வந்தது. கப்பல் ஊர் திரும்ப ஒரு வழி திறக்கிறது. பனி மூடிய ஒரு கிரகத்தில் யாராவது நின்று மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் அந்த வழி மூடாமல் இருக்கும். மெக்கானிக் நின்றுவிட்டாள். விசில் இல்லை, வசனம் இல்லை. கப்பல் போகப் போக, கீழே ஒரு சின்ன வெளிச்சம்... அதோடு தொடர் முடிந்துவிட்டது.

நான் அழுதேன். அம்மா அழவில்லை.

"ஒருத்தர் நின்னாத்தான புள்ள மத்தவங்க போக முடியும்," என்றார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க பாப்பாவ கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருக்கேன்."

எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிவானது. தீபாவளி, பொங்கலுக்கு நாங்கள்தான் பஸ் ஏறி மலைக்குப் போவோம். ரிட்டயர் ஆகும்வரை அம்மா இறங்கி வரவே இல்லை.

போன மாதம் அந்தத் தொடரிலிருந்து கிளைத்த புதுத் தொடர், ஒரு ஸ்பின்-ஆஃப் வந்தது. ரசிகர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரே அமர்க்களம். இப்போது என்னோடு இருக்கும் அம்மாவையும் உட்கார வைத்துப் போட்டேன். பழைய தொரை வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார், ஆளுக்கொரு பழைய வசனம் பேசிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவள். அதே ஸ்பேனர், அதே விசில், பின்னால் அதே மியூசிக். ஒரு நரைகூட இல்லை.

எனக்கும் ஒரு நொடி புல்லரித்தது, பொய் சொல்வானேன். அப்புறம் அலுப்புதான் வந்தது.

"இவ எப்பிடி வந்தா?" என்றார் அம்மா. "அந்தக் குளிர்ல இத்தன வருசம் என்ன செஞ்சா? யாரு கூட பேசினா?"

"அதெல்லாம் காட்டலம்மா."

"பெறகு எதுக்கு வந்தா?" இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது பெரட்டு புள்ள. பேர குடுத்துட்டுப் போறாங்க. வேல ஒண்ணுமில்ல."

ஃபேன் சர்வீஸ் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது இதுதான். பிடித்த முகத்தைத் திரும்பக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அவள் தனியாக நின்ற வருஷங்கள்தானே கதை? இதைக் குரூப்பில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் நானும் கைதட்டும் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

டிவியை அணைத்தேன். "லயத்துல தனியா இருந்தப்போ நீ யாரு கூடம்மா பேசுவ?"

"பேச யாரு இருந்தா... ஞாயித்துக்கெழம அந்த நேரத்துக்கு டிவிய போட்டு வைப்பேன். வேற என்னமோ ஓடும். நீயும் அங்க அதையே பாத்துக்கிட்டு இருப்பன்னு நெனச்சுக்குவேன்."

இப்போது ஹாலில் பாதிச் சுவருக்கு டிவி இருக்கிறது. திருப்பூரில் அந்த வருஷங்களில் எங்களிடம் டிவியே கிடையாது.

"ஆமாம்மா," என்றேன். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."