வறுத்த பெருஞ்சீரகமும் ஹெர் ப்ராண்டின் அரைப்பானும்

ஒரு பொருள் வாங்கியவர் வீட்டில் உடைவதற்கு முன்னால், அதை நாமே உடைத்துப் பார்த்துவிடுவதுதான் சோதனைப் பொறியாளரின் பிழைப்பு. திறக்க மறுக்கிற மூடியோடும் கழன்றுவருகிற கைப்பிடியோடும் நீங்களும் மல்லுக்கட்டியிருப்பீர்கள். அதே அவஸ்தையை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். யூரோ நோட்டு கைக்குப் புதிதாக வந்த காலத்தில், ஜெர்மனியில் ஹனோவருக்கு வெளியே சமையலறைச் சாமான் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை.

கோயம்புத்தூர்க்காரனின் மிதப்பு

வெட் கிரைண்டர் செய்கிற ஊரில் பிறந்தவன் நான். அரைப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்பு நிறையவே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வடிவமைப்பாளர் ஹெர் ப்ராண்ட், அதாவது திரு. ப்ராண்ட், என் மேசையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் உலோக டப்பாவை வைத்தார். காய்ந்த மூலிகைகளைப் பொடிக்கிற அரைப்பான் என்றார். இலையை உள்ளே போட்டு மூடியைக் கையால் திருக வேண்டும். மோட்டார் கிடையாது. "இவ்வளவுதானா?" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கொஞ்சம் ரோஸ்மேரியைப் போட்டுத் திருகினேன்.

ரோஸ்மேரி இலை ஊசி மாதிரி விறைப்பாக இருக்கும். சாதாரண அரைப்பானில் அது பற்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு அடம்பிடிக்கும். இவருடைய அரைப்பானில் பற்கள் லேசாகக் கொக்கி போட்டிருந்தன. அவை இலையைப் பிடித்து நறுக்கின, நசுக்கவில்லை. அடியில் சல்லடை, அதற்குக் கீழே பொடி சேர ஒரு கிண்ணம். மூடி அதன் இடத்தில் உட்காரும்போது உள்ளே இருக்கிற காந்தம் அதை மெதுவாக இழுத்துக்கொண்டது. திறந்ததும் வந்த வாசத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது. பிரமாதம் என்று சொன்னேன். ப்ராண்டின் முகம் மலரவே இல்லை. "பிரமாதம் என்று சொல்ல வீட்டில் என் மனைவி இருக்கிறாள். இது எங்கே கெட்டுப்போகும் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த போட்டிக்காரன்

ஃப்ரௌ கெல்லர் எங்கள் முதலாளியம்மா. வியாபாரத்தில் கெட்டி, பேச்சில் சிக்கனம். ஒருநாள் அவர் இறக்குமதி அரைப்பான் ஒன்றைக் கொண்டுவந்து ப்ராண்டுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. இதை மலிவாக வாங்கி, மேலே நம் பெயரைப் பொறித்து விற்றால் என்ன என்பது அவருடைய யோசனை. அப்படி முடிவானால் அரைப்பானைக் கடைந்து செய்கிற ப்ராண்டின் லேத் பட்டறையை மூட வேண்டியதுதான். அவரும் அங்கே வேலை பார்க்கிற இருவரும் வீட்டுக்குப் போக வேண்டும். இலையுதிர் காலம் முடிவதற்குள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

அங்கேயே அவர் முன்னால் இரண்டிலும் காய்ந்த ஓரிகானோ இலை போட்டுத் திருகினேன். இறக்குமதிக்காரன் கறகறவென்று முனகினான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய காந்தம் கழன்று ஓரிகானோவுக்குள்ளேயே விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் படாதபாடு பட்டேன். ஃப்ரௌ கெல்லர் அசரவில்லை. "காந்தத்தை ஒட்டித் தரச் சொன்னால் ஒட்டித் தருவார்கள். கடையில் வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கிற பல்லையா பார்க்கப் போகிறார்கள்?" என்றார்.

கீழே போட்டுப் பார்த்தது

மேசை உயரத்திலிருந்து அரைப்பானைத் தரையில் போட்டுப் பார்ப்பது கட்டாயச் சோதனை. எந்தச் சமையலறையிலும் ஈரக்கை நழுவும் இல்லையா? ப்ராண்ட் அதைப் பார்க்க மாட்டேன் என்று காபி குடிக்கப் போய்விட்டார். என்னோடு வேலை பார்த்த பெட்ரா இரக்கமே இல்லாமல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒருமுறை மூடியின் ஓரம் நேராகத் தரையில் குத்தி, எதுவோ பெயர்ந்து சுவரோரம் தெறித்தது. பெட்ரா முட்டிபோட்டுத் தேடி, அந்தத் துண்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இது டைல்ஸ் துண்டு. அரைப்பான் பாஸ், தரை ஃபெயில்" என்றாள்.

வலிக்கிற விரல்கள்

வாடிக்கையாளர்களை வரவழைத்துக் கையில் கொடுத்துப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். வந்தவர்களில் ஒருவர் பயன்பாட்டுக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்த பிறகுதான் அரைப்பானையே தொட்டார். அவருக்குப் பக்கத்தில் மூட்டுவலியால் விரலெல்லாம் வீங்கிய ஓர் அம்மா. ஜாம் பாட்டிலைத் திறக்கக்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ப்ராண்ட் மூடியின் பக்கவாட்டில் அகலமான வரிப்பள்ளங்கள் வெட்டியிருந்தார். விரலால் இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையை மேலே வைத்தே சுற்றலாம். அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. உள்ளே இருந்த இலையெல்லாம் பொடியாகிக் கிண்ணத்துக்குப் போன பிறகும் வெறும் அரைப்பானைச் சுற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதை நான் திருப்பித் தர வேண்டுமா?" என்று கேட்டார். 

சுகந்தி அக்காவின் அடுப்படி

வீட்டில் வைத்துப் பழக எங்களுக்கு ஆளுக்கு ஓர் அரைப்பான் கொடுத்தார்கள். நான் முட்டை பொரிப்பதோடு சமையலை முடித்துக்கொள்கிறவன். அதனால் என்னுடையதைக் கீழ்வீட்டுச் சுகந்தி அக்காவிடம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். நான் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஹனோவருக்கு வந்துவிட்டவர். மறுநாளே போன் வந்தது. "தம்பி, உந்தச் சாமானைத் திறக்க ஏலாமல் கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ."

நடந்தது இதுதான். அக்கா பெருஞ்சீரகத்தையும் கறிவேப்பிலையையும் வெறும் சட்டியில் வறுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு உள்ளே கொட்டித் திருகியிருக்கிறார். குழம்பை இறக்கும்போது மேலே தூவுவதற்கு. சூட்டில் கசிந்த எண்ணெயும் ஆவியும் பொடியோடு சேர்ந்து, மூடியின் மயிரிழை இடைவெளிக்குள் பசையாக இறுகிவிட்டது. மூடி அத்தனை துல்லியமாகப் பொருந்தியதுதான் வினை. அக்காவின் கணவர் குறடு போட்டுத் திருகியும் அது அசையவில்லை. எங்கள் சோதனைத் திட்டத்தில் இருந்ததெல்லாம் காய்ந்த, ஆறிய இலைகள். வறுத்துச் சுடச்சுடப் போடுவார்கள் என்று அந்தக் கட்டிடத்தில் யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லையே! வாயை மூடிக்கொண்டிருந்தால் அரைப்பான் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். சொன்னால் ப்ராண்டின் பட்டறையை மூட நானே சாவி எடுத்துக் கொடுத்த மாதிரி. நான் குழம்பிப்போய் நிற்க, அக்கா குறடு பட்ட கீறலைத் தடவிப் பார்த்தார். "இதைச் செய்த மனுசன் நல்ல வேலைக்காரன்தான் தம்பி. ஆனா ஒருநாளும் அடுப்படிப் பக்கம் போயிருக்க மாட்டார்" என்றார்.

அடுப்படிக்கு ஒரு டெர்மின்

மறைக்க முடியவில்லை. காலையில் ப்ராண்டிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வறுப்பீர்களா? எதற்கு?" என்று மட்டும் கேட்டார். நான் விளக்கியது அவருக்குப் போதவில்லை. நேரில் பார்க்க வேண்டும், அந்த அம்மாவிடம் ஒரு டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், வாங்கித் தாருங்கள் என்றார். "அடுப்படிக்கு வாறதுக்கும் டெர்மினோ?" என்று அக்கா சிரித்துவிட்டு, சனிக்கிழமை வரச் சொன்னார்.

ப்ராண்ட் பூங்கொத்தோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஆறவிட்டுப் பொடித்தால் என்ன என்று கேட்டார். ஆறினால் வாசம் குழம்புக்கு வராது, வீட்டுக்குத்தான் போகும் என்று அக்கா ஜெர்மனில் பதில் சொன்னார். ப்ராண்ட் தான் கொண்டுவந்த இன்னோர் அரைப்பானில் தானே சூடாகக் கொட்டித் திருகினார். சாப்பிட்டு முடித்துவிட்டுத் திறக்கப் பார்த்தார். இறுகியிருந்தது. கழுத்துவரை சிவந்துபோனார். குறிப்பில் 'சூடான பொருளைப் போடக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே, எல்லாக் கம்பெனியும் அதைத்தானே செய்கிறது என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "கூடாது. இவர் தன் சமையலை மாற்ற வேண்டியதில்லை. என் மூடிதான் மாற வேண்டும்" என்றார்.

சூடாக ஒரு தீர்ப்பு

இடைவெளியைக் கூட்டினால் மூடி ஆடும், அந்தப் பட்டுப்போன்ற சுழற்சி போய்விடும். ப்ராண்ட் இடைவெளியைத் தொடவே இல்லை. மூடியின் விளிம்பு முழுக்க ஒட்டி உட்காராமல் மூன்றே இடத்தில் தொடும்படி கடைந்தார். மற்ற இடங்களில் பள்ளம் விட்டார். பொடி அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும், இறுகாது. அதைக் கையில் வாங்கிச் சுற்றியபோது எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

முடிவு சொல்கிற நாளில், சோதனைக்கூடத்து ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துப் பெருஞ்சீரகம் வறுத்தேன். ஃப்ரௌ கெல்லர் தன் கையாலேயே சூட்டோடு கொட்டித் திருகினார். ஆறட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ப்ராண்ட் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரௌ கெல்லர் மூடியில் உள்ளங்கையை வைத்தார். சத்தமே இல்லாமல் திறந்தது. அவர் பொடியை முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த ஒவ்வொரு பல்லையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இறக்குமதிக்காரர்களுக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஹெர் ப்ராண்ட், உங்கள் பட்டறைக்கு இன்னும் ஓர் ஆள் தேவைப்படும், பாருங்கள்" என்றார்.

ஒரு பொருளில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன்தான், அதைச் செய்தவனைவிட அதிகமாக அது ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான் என்பதை எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை.