யெஸ்ஸுங்க

அந்தத் தூக்குப்போசியை ஆயிரம் பாத்திரத்துக்கு நடுவில் வைத்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். நாலைந்து பேர் சாப்பிடும் அளவு சோறு பிடிக்கும். மூடியில் ஒரு நசுக்கல். கோயமுத்தூரிலிருந்து சுவிட்சர்லாந்து வரை போய்வந்த எவர்சில்வர் போசி அது. சொந்தக்காரர் எங்கள் மில்லின் ஃபிட்டர் அண்ணன், பல்லடத்துக்காரர். நான் அதே மில்லில் சூப்பர்வைசர். தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக நூற்பு இயந்திரம் வாங்கியபோது, அதைக் கழற்றி மாட்டப் பழகிவரச் சொல்லி முதலாளி எங்கள் இருவரையும் அங்கே அனுப்பினார்.

அண்ணன் தன் பெட்டியில் அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் நெய் பாட்டிலும் அடுக்கியதைப் பார்த்துச் சிரித்தவன் நான். "ஏனுங்க சார், நாலு வாரத்துக்குச் சோறில்லாம எப்புடீங்க?" என்றார். "நாமதான் மாறிக்கோணுங்கண்ணா" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். அந்தப் பயணத்துக்காகவே ஆறு மாதம் ஆங்கில வகுப்புக்குப் போனவன், முள்கரண்டி பிடிக்கக்கூட வீட்டில் பழகியவன். அவர் ஒரு பிளாஸ்டிக் மக்கையும் பெட்டியில் திணித்தார். அதற்கும் சிரித்தேன்.

பயிற்சி முடிந்ததும், அதை நடத்திய வெள்ளைக்காரத் தலைவர் எங்களை நான்கு நாள் பனிச்சறுக்குக்கு மலைக்கு அழைத்துப் போனார். தங்கியது ஒரு மரவீட்டில். மூன்று வேளையும் ரொட்டி, உருக்கிய பாலாடைக்கட்டி. குளியலறையில் தண்ணீருக்குப் பதில் காகிதச் சுருள். அந்த மக்கை இரவல் கேட்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். அதுதான் என்னைத் தடுத்தது.

பனியில் நான் விழுந்ததற்குக் கணக்கில்லை. அண்ணனோ இரண்டாம் நாளே குல்லாவுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்றபடி இறங்கினார். "வயல்ல பரம்புப் பலகை மேல நின்னு மாடு ஓட்டறாப்பலதானுங்க சார். முட்டிய மடக்கிக்கோணும், அவ்வளவுதான்" என்றார். தலைவர் கைதட்டினார். அண்ணனுக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்துச் சொல் இருக்கும். ஆனால் மரியாதை இல்லாமல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. யெஸ்ஸுங்க, நோங்க, தேங்க்ஸுங்க. அது என்ன 'ங்க' என்று தலைவர் என்னிடம் கேட்டார். விளக்கினேன். மறுநாள் அந்த ஆறடி மனிதர் சரிவின் அடியில் நின்று "ஸ்டாப்புங்க! ஸ்டாப்புங்க!" என்று கத்துகிறார். நான் இலக்கணப் பிழையில்லாமல் பேசிய ஒரு வாக்கியத்தையும் அவர் திருப்பிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நாசூக்கான சொல் தேட விரும்பவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கீழே சமையலறையிலிருந்து பூண்டும் சீரகமும் தாளிக்கும் வாசம் மாடிக்கு ஏறி வந்தது. அண்ணனின் அரிசிம்பருப்பு சாதம். தலைவரும் கூட வந்திருந்த அவர் ஆட்களும் போசியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பசியில்லை என்று சொல்லி அறையிலேயே கிடந்தேன். அண்ணன் தட்டோடு படியேறி வந்தார். "உங்கள உட்டுப்போட்டு எனக்கு எறங்குமுங்களா? ஒரு வா சாப்புடுங்க" என்றார். வழித்துத் தின்றேன். கண் கலங்கியது உண்மை. அதற்காக நன்றி பொங்கியது என்று எழுதினால் பொய்.

கிளம்பும் நாள் தலைவர் எங்கள் இருவரையும் நிறுத்தினார். பயிற்சியில் அந்த இயந்திரத்தை அண்ணனைப் போல வேகமாகக் கழற்றி மாட்டியவர் வேறு யாருமில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஆறு மாதம் அண்ணன் வந்து, மற்ற நாட்டு ஃபிட்டர்களுக்குப் பழக்கிக் கொடுப்பாரா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அண்ணன், நானல்ல. நான் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது, குளிர் ஒத்துக்கொள்ளாது, வரமாட்டார் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்தில் சிரித்தபடி நின்ற அண்ணனுக்கு அதில் ஒரு சொல் பிடிபட்டது. "யெஸ்ஸுங்க! ஃபேமிலிங்க! ஒன் டாட்டருங்க!" என்று தலையாட்டினார். தலைவர் முகம் வாடிவிட்டது. "ஓகேங்க" என்றார். என் பொய்க்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

போன மாதம் பல்லடம் பக்கம் போனபோது அவர் வீட்டில் இறங்கினேன். ஓய்வு பெற்றுவிட்டார். அன்றும் அரிசிம்பருப்புதான், அதே போசியில், அதே நசுங்கிய மூடி. நெய் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தொரை மறுக்காக் கூப்புடுவாருன்னு ரொம்ப நாள் பாத்தனுங்க சார். எதுக்கும் இருக்கட்டும்னு பாஸ்போர்ட்ட ரெண்டு தடவ புதுப்பிச்சு வெச்சேன். என்னமோ, நம்ம வேலை அவருக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுங்க."

சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. வாயில் சோறு இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று போசியைச் சாய்த்தார்.

"வையுங்க" என்றேன்.